மேஸ்திரி உறுமின ஆல்பம்

இப்பல்லாம் எங்க போய் உக்காந்தாலும் அந்தப் பொண்ணு பாட்டுதான். பஸ்ஸுல போடுறாங்க, பல் டாக்டர் ரூம்ல போடுறாங்க, எங்க மாடி வீட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கிறதுக்கும் அதையேதான் போடுறாங்க. 'என்ன இதமா இருக்கு'ன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டுறாங்க. எனக்குச் சிரிப்பு வரும், சமயத்துல கோவமும் வரும். ஐயா, இந்த இதத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஒரு செவுருக்கு இந்தப் பக்கம் உக்காந்து, ஒரு பாட்டு விடாம, ஒரு தப்பு விடாம கேட்டவன் நான்.

நமக்குக் கண்ணாடிக்கடை. ஜன்னலுக்கு, மேஜைக்கு, மாட்டுற படத்துக்குன்னு அளவெடுத்து அறுத்துக் கொடுக்கிற தொழில். பக்கத்துல மெத்தைப் பட்டறை, நடுவுல ஒரே செவுரு. கடை பிடிக்கும்போதே யோசிச்சேன். பட்டறைன்னா பகல்ல மெஷின் ஓடத்தான் செய்யும், அது இரைச்சல், அதனால கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுவாங்க, நாம நிம்மதியா வேலை பாக்கலாம்னு என் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிக் கவுந்துச்சுன்னுதான் சொல்ல வரேன்.

பட்டறை பேருக்குத்தான் மெத்தைக்காரரோடது. நடத்தினது அவரு பொஞ்சாதி. ஊழியருங்க எல்லாரும் அவளை மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க, கட்டின புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவாரு. அவரு ஆர்டர் பிடிக்கிறது, வண்டியில ஏத்தி இறக்குறதுன்னு வெளிவேலையா அலைவாரு. உள்ள யார் எந்த ஸ்பாஞ்சை என்ன கனத்துல அறுக்கணும், எந்த மெத்தைக்கு எப்படி ஓரம் தைக்கணும், எல்லாம் அவ வாயிலேர்ந்துதான் வரணும். அங்க ஒரு அரவை மெஷின் உண்டு. பழைய மெத்தையைப் பிரிச்சு, உள்ள இருக்கிற பஞ்சையும் ஸ்பாஞ்சையும் ரோலர்ல விட்டா துகளாக்கித் துப்பும். அதைத்தான் மலிவு மெத்தைக்குள்ள அடைப்பாங்க. அது ஓட ஆரம்பிச்சா பக்கத்துல நிக்கிறவன் தும்மினாக்கூடக் கேக்காது. அதுக்கு மேல கத்தித்தான் அவ வேலை வாங்குவா. மாடியிலதான் வீடு. மேல போனா மாமியாருக்குக் காது மந்தம், அந்தம்மாகிட்ட 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கிறதுக்கும் கத்தணும். காதுல மாட்டுற மெஷின் ஒண்ணு வாங்கிக் கொடுத்திருந்தாங்க. மாட்டினா வயசாயிடுச்சுன்னு முத்திரை குத்திடுவாங்கன்னு அந்தம்மா அதை டப்பாவுலயே பூட்டி வெச்சிருந்தாங்க.

சாயங்காலம் மெஷின் நின்னதும் இன்னொரு வேலை ஆரம்பிக்கும். மேஸ்திரியோட தம்பி, பகல்ல ஸ்பாஞ்ச் அறுக்கிறவன், குடோன்ல டிரம்ஸைப் போட்டு உக்காருவான். ரெண்டு காலுக்கும் ரெண்டு பெடல். அந்தத் தெருவுக்கே லைட்டு போட்டுக் கொடுக்கிற வயர்மேன் ஒருத்தன், அவன் கிதாரு. பஸ் கண்டக்டர் ஒருத்தன், டூட்டி முடிஞ்சு யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழட்டாம வந்து தடிக்கம்பி கிதாரை மாட்டிக்குவான். நடுவுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மேஸ்திரி. டெத் மெட்டல்னு பேரு சொன்னாங்க, காட்டடி அடிக்கிற வெளிநாட்டுப் பாட்டு வகையாம். மொத நாள் கேட்டப்ப, யாரோ மெஷின்ல மாட்டிக்கிட்டாங்கன்னு பதறிப்போய் ஓடினேன். போய்ப் பாத்தா, அந்தச் சின்ன உடம்புலேர்ந்து உறுமல் வருது. அடிவயித்துலேர்ந்து, ஒரு மிருகம் குகைக்குள்ள உக்காந்து மூச்சு விடுற மாதிரி.

சத்தத்தைக்கூட விடுங்க. அந்த ரெட்டைப் பெடல் அடிக்க ஆரம்பிச்சா என் கடையில சாத்தி வெச்ச கண்ணாடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி கிடுகிடுங்கும். ஒருநாள் முழுநீள முகக்கண்ணாடி ஓரம் தெறிச்சிடுச்சு. நானும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சண்டைக்குப் போனேன்.  அவ அத்தனையையும் கேட்டுக்கிட்டா. மறுநாள் காலையில தம்பியைக் கூட்டிக்கிட்டு வந்து, மிச்ச ஸ்பாஞ்சைப் பட்டைபட்டையா அறுத்து, ஒவ்வொரு கண்ணாடிக்கும் நடுவுல அவ கையாலயே சொருகிட்டுப் போனா. அதுக்கப்புறம் ஒண்ணும் உடையலை. எனக்குத்தான் சண்டை போட சாக்கு இல்லாமப் போச்சு.

கொஞ்ச நாள் போனதும் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம அவகிட்டயே கேட்டேன், ஏம்மா, உனக்கு நல்லாப் பாட வராதான்னு. வரும் அண்ணேன்னு சொல்லிட்டு, அங்கயே நின்னு ரெண்டு வரி பாடினா. சும்மா சொல்லக்கூடாது, உருகிப் போயிட்டேன். அப்புறம் எதுக்கு இந்தக் கண்றாவின்னேன். அவ என்னைக் குடோன் மூலைக்குக் கூட்டிட்டுப் போனா. அரவைக்கு வந்த பழைய மெத்தை அங்க கூரை வரைக்கும் அடுக்கிக் கெடந்துச்சு. ஒண்ணை இழுத்துக் கீழ போட்டா.

"இதுல ஒரு ஆள் கெடந்திருக்காரு அண்ணே. பாருங்க, தோள் இங்க, இடுப்பு இங்க. ஒரே பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருக்காரு, திரும்ப முடியலை போல. நாங்க இதை அரைச்சு இன்னொருத்தர் முதுகுக்குக் கீழ வெக்கிறோம். இதை நான் இனிமையாப் பாடினா, கேக்கிறவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க."

அதுக்கப்புறம் நான் கண்றாவின்னு சொல்றதை விட்டுட்டேன். அவங்க எடுத்துக்கிட்டிருந்த ஆல்பம் பூராவும் அதுதான். வர்ற பழைய மெத்தை ஒவ்வொண்ணும் ஒரு பாட்டு. குழந்தை பொறந்த மெத்தை, சீக்காளி கெடந்த மெத்தை, ரெண்டு பேர் படுத்து ஒரு பக்கம் மட்டும் தேஞ்ச மெத்தை. வயர்மேன் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சு ரெக்கார்டு பண்ணினான். சுத்தி மெத்தையா அடுக்கி இருந்ததால அரவை மெஷின் மட்டும் ஓடலைன்னா வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது, ஸ்டுடியோக்காரங்க தோத்துப் போவாங்கன்னு அவனுக்குப் பெருமை. வாத்தியமெல்லாம் முடிஞ்சுது. குரல்ல மூணு பாட்டு மட்டும் பாக்கி.

அப்பதான் அவ தொண்டை கட்டுச்சு. சளின்னு நெனச்சோம். சளியா இருந்தா போயிருக்கணுமே, இது போகலை. பேச ஆரம்பிச்சா பாதி வார்த்தை காத்தாப் போகும். மெத்தைக்காரருக்கு அன்னிக்கே முடிவாயிடுச்சு, இந்த உறுமல்தான் தொண்டையைத் தின்னுடுச்சுன்னு. தெருவுல இருந்த டாக்டரும் அதைத்தான் சொன்னாரு, கத்தலைக் குறைங்க, ஓய்வு கொடுங்கன்னு. மெத்தைக்காரர் நேரா குடோனுக்குப் போனாரு. டிரம்ஸைப் பிரிச்சாரு. மைக்கைச் சுருட்டினாரு. எல்லாத்தையும் பரண்ல ஏத்தி, ஏணியை எடுத்துட்டுப் போய் என் கடையில சாத்திட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே? கேக்கலை. "அண்ணே, இது இங்கயே இருக்கட்டும், அவ வந்து கேட்டா கொடுக்காதீங்க"ன்னுட்டுப் போறாரு. ரெண்டு பேரு சண்டைக்கு நடுவுல என் செவுத்துல ஏணி.

அவரைக் குத்தம் சொல்லவும் மனசு வரலை. பயம் அவருக்கு. தூக்கம் இல்லாம கண்ணு ரெண்டும் செவந்து கெடந்தாரு. ஆனா ஒண்ணு பாருங்க, பாட்டை நிறுத்தினாரே தவிர பட்டறையை நிறுத்தலை. அப்பத்தான் ஒரு பெரிய விடுதிக்கு மெத்தை ஆர்டர் வந்து கெடந்துச்சு. மேஸ்திரி இல்லாம ஒரு ஊசி நகராது. சத்தமாப் பேசாதே, ரகசியமாப் பேசுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. அவளும் ஒவ்வொருத்தன் காதுகிட்டயும் போய், கழுத்து நரம்பு புடைக்க, ரகசியக் குரல்லயே நாள் முழுக்க வேலை வாங்கினா. மாமியார்கிட்ட ரகசியம் செல்லுமா? அங்க மட்டும் கத்தினா. பாட்டு நின்னும் தொண்டை நாளுக்கு நாள் மோசமாத்தான் போச்சு.

ஒருநாள் மத்தியானம் என் கடைக்கு வந்து நின்னா. ஏணிக்குத்தான் வந்திருக்கான்னு நான் தயாராப் பதிலை வெச்சுக்கிட்டு இருந்தேன். அவ ஏணியைத் திரும்பிக்கூடப் பாக்கலை. பெரிய ஆஸ்பத்திரியில குரலுக்குன்னே தனி டாக்டர் இருக்காராம், கண்ணாடி ஏத்துற வேன்ல கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேட்டா. அவரையும் இழுத்துட்டுத்தான் போகணும் அண்ணே, அவரு காதால கேக்கணும்னு சொன்னா. புருஷனை ஏற்கெனவே வேன்கிட்ட நிக்க வெச்சுட்டுத்தான் எங்கிட்ட வந்திருக்கா, அது வெளிய வந்து பாத்தப்பறம்தான் தெரிஞ்சுது.

அந்த டாக்டர் ஒரு அம்மா. நிதானமான ஆளு. மூக்கு வழியா மெல்லிசா ஒரு ட்யூபை விட்டு, தொண்டைக்குள்ள இருக்கிறதை டி.வி.யில காட்டினாங்க. ரெண்டு வெள்ளை நாடா மாதிரி தெரிஞ்சுது. அதுல ஒண்ணு மேல சின்னதா ஒரு பொட்டுக் கட்டி. மெத்தைக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. டாக்டரம்மா, பாடுவேன்னு சொன்னீங்களே, அதை இப்ப லேசாப் பாடிக் காட்டுங்கன்னாங்க. மேஸ்திரி ட்யூபோடயே உக்காந்து உறுமினா. வெளியிலேர்ந்து நர்ஸுங்க ரெண்டு பேர் கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. டாக்டரம்மா மட்டும் டி.வி.யைவிட்டுக் கண்ணை எடுக்கலை. இன்னொரு தடவைன்னாங்க. அப்புறம் சாதாரணமாப் பேசச் சொன்னாங்க, ரகசியமாப் பேசச் சொன்னாங்க, பட்டறையில கூப்பிடுற மாதிரி கூப்பிடச் சொன்னாங்க.

எல்லாம் முடிஞ்சு ட்யூபை உருவினப்பறம், பகல் முழுக்க என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாங்க. மெத்தைக்காரர்தான் பதில் சொன்னாரு. அரவை மெஷினைச் சொன்னாரு, ஆளுங்களைச் சொன்னாரு, அம்மாவுக்குக் காது கேக்காததைச் சொன்னாரு. சொல்லச் சொல்ல அவரு குரல் எறங்கிக்கிட்டே போச்சு.

"இவங்க உறுமும்போது அந்தக் கட்டி இருக்கிற இடம் அவ்வளவா உரசலை, மேல இருக்கிற சதைதான் வேலை செய்யுது" அப்படின்னாங்க டாக்டரம்மா. "எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல மாட்டேன், இவங்க அதை ஒழுங்காப் பழகியிருக்காங்க. கூப்பிடும்போது பாத்தீங்களா, ரெண்டும் அறைஞ்சுக்குது. ரகசியம் பேசினாலும் இறுகுது. இவங்க தொண்டையைக் கெடுத்தது பாட்டு இல்லைங்க. பட்டறை."

மெத்தைக்காரர் முகத்துல ஈயாடலை. கட்டியை அறுத்து எடுத்துடலாம், பயப்படுற மாதிரி தெரியலைன்னு சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. அதுக்கப்புறம் குரல் எப்படி வரும்னு இப்பவே சத்தியம் பண்ண முடியாது, பழையபடியும் வரலாம், மாறியும் வரலாம்னாங்க. அது வரைக்கும் பேசக்கூடாது, ரகசியமும் கூடாது.

மேஸ்திரி மூணு விரலைக் காட்டினா. டாக்டரம்மாவுக்குப் புரியலை. நான்தான் இடையில பூந்து, மூணு பாட்டு பாக்கி இருக்குன்னு சொன்னேன்.  பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்னாங்க டாக்டரம்மா. ஆனா உங்ககிட்ட இருக்கிறது இவ்வளவு குரல்தான், நாள் முழுக்கப் பட்டறையில கொட்டுறதைவிட, ஓய்வு எடுத்து எடுத்துக் கொஞ்ச நேரம் பாடுறது குறைஞ்ச கெடுதல், வலிச்சா அந்த நிமிஷமே நிறுத்திடணும், முடிவு உங்களோடதுன்னாங்க. திரும்பி வரும்போது வேன்ல யாரும் வாயைத் திறக்கலை. ஒருத்தி பேசக்கூடாது, ஒருத்தருக்குப் பேச்சு வரலை, நான் பேசினா எதையாவது உளறிடுவேன்.

அவ முடிவு பண்ணிட்டா. மறுநாள் காலையில பட்டறையில எல்லாரையும் நிக்க வெச்சு, தம்பியை விட்டுப் பேசச் சொன்னா. இன்னியிலேர்ந்து மேஸ்திரி பட்டறையில வாயைத் திறக்க மாட்டா. எல்லாம் கையாலதான். உள்ளங்கையைப் படுக்க வெச்சா மெத்தை, நிக்க வெச்சா தலகாணி. கட்டைவிரல் ஒண்ணு வெச்சா ஒரு இஞ்சு கனம். முஷ்டியைத் தூக்கினா மெஷினை நிறுத்தணும். ஆளைக் கூப்பிடணும்னா மரக்கட்டையால மேஜையைத் தட்டுவா, தட்டுற தினுசை வெச்சு யாருன்னு தெரிஞ்சுக்கணும். அந்தத் தட்டுல பாதி அவ பாட்டோட தாளம்தான், டிரம்ஸ்காரத் தம்பி மொத நாளே பிடிச்சுக்கிட்டான். மத்தவங்க முழிச்சாங்க.

சிரிப்பும் சண்டையுமாத்தான் ஆரம்பிச்சுது. ஓரம் தைக்கிற அக்கா, மேஸ்திரி தன்னைத் திட்டுறான்னு நெனச்சு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. பழைய மெத்தை பிரிக்கிறவன் ஒருத்தன், அவ ஈ ஓட்டினதைப் பாத்துட்டு மெஷினை நிறுத்தினான். இதெல்லாம்கூடப் போகட்டும். விடுதி மெத்தைக்கு ஆறு இஞ்சுன்னு அவ கட்டைவிரலை அடுக்கிக் காட்ட, தூரத்துல நின்னு பாத்தவன் நாலுன்னு எடுத்துக்கிட்டு ஒரு வண்டிச் சரக்கையே அறுத்துத் தள்ளிட்டான்.

மெத்தைக்காரர் வந்து பாத்தாரு. அது வரைக்கும் அடக்கி வெச்சிருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. என் கடையில நின்ன எனக்கே கேட்டுச்சு. ஊமை நாடகம் போட்டு ஊர் சிரிக்குது, பட்டறை முழுகினாலும் உனக்கு உன் பாட்டு பெருசு, இருக்கிற கொஞ்சம் குரலை அந்தப் பேய்ச்சத்தத்துக்குன்னு பொத்தி வெச்சிருக்கேன்னு சொன்னாரு. நான் எட்டிப் பாத்தேன். அவ அழலை. அவரு முடிக்கிற வரைக்கும் நேரா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் தப்பா அறுத்த நாலு இஞ்சு ஸ்பாஞ்சையெல்லாம் இழுத்துப் போட்டா. மிச்ச ஸ்பாஞ்சுல ரெண்டு இஞ்சு அறுத்து, பசை தடவி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சா. தம்பி வந்து உக்காந்தான், மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த அக்காவும் வந்து உக்காந்தா. தப்பா அறுத்தவன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே பசை டின்னைத் தூக்கிட்டு வந்தான்.  கடைசியில மெத்தைக்காரரும் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒரு மெத்தைகூட வீணாகலை.

அன்னிக்குச் சாயங்காலம் அவரு என் கடைக்கு வந்து ஏணியைத் தூக்கிட்டுப் போனாரு. கொஞ்ச நேரத்துல பரண்லேர்ந்து சாமான் எறங்குற சத்தம் செவுரு வழியா கேட்டுச்சு.

மாடியில நடந்தது இன்னும் பெரிய கூத்து. மாமியார்கிட்ட யாரோ விவரத்தைச் சொல்லியிருக்காங்க, கத்திக் கத்தித்தான். அந்தம்மா எழுந்து போய் டப்பாவைத் திறந்து, அந்த மெஷினைக் காதுல மாட்டிக்கிட்டு வந்து நின்னாங்களாம். எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊரு சொன்னா சொல்லட்டும், எனக்காக மருமக தொண்டை போச்சுன்னு சொல்லக்கூடாதுன்னாங்களாம். மாட்டினதுலேர்ந்து அந்தம்மாவுக்கு ஊர்ல எல்லாமே தொந்தரவு. குழாய் சொட்டுதுங்கறாங்க, மகன் சாப்பிடும்போது சப்புக் கொட்டுறான்கறாங்க.

விடுதி ஆர்டருக்காக மெஷின் ராத்திரி வரைக்கும் ஓடினதால பாட்டு மத்தியானத்துக்கு மாறிச்சு. சாப்பாட்டுக்கு மெஷின் நிக்கிற நேரம் மட்டும். அவ காலையிலேர்ந்து ஒரு சொல்லு செலவு பண்ணாம வெந்நீர் குடிச்சுக்கிட்டே இருப்பா. நேரம் வந்ததும் குடோனுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பா. மொத ரெண்டு பாட்டும் அப்படித்தான் ஒப்பேத்தினாங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல நாள்கணக்கா ஓய்வு. மூணாவது பாட்டுதான் சண்டித்தனம் பண்ணிச்சு. அதுதான் எனக்கு அன்னிக்கு மூலையில காட்டின, ஒருக்களிச்சுப் படுத்த ஆளோட மெத்தை. நீளமான பாட்டு, மூச்சு விட இடமே கிடையாது. ரெண்டு தடவை பாதியில நிறுத்திட்டா. தொண்டையைத் தொட்டுக் காட்டிட்டு வெளிய வந்துடுவா, அதுல அவ ரொம்பக் கறார்.

இப்படியே தள்ளித் தள்ளி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்துடுச்சு. விடுதிக்காரங்க சரக்கு கேட்டதும் அதே நாள். சாப்பாட்டு நேரம்னு யாரும் எழுந்திருக்கலை. மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, மெத்தைக்காரரே நின்னு ரோலர்ல பஞ்சு தள்ளிக்கிட்டு இருந்தாரு. வயர்மேனும் கண்டக்டரும் குடோன் வாசல்ல வந்து நின்னு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நானும் கடையை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன், எனக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டா பதில் இல்லை.

மேஸ்திரி பட்டறை நடுவுல போய் நின்னா. முஷ்டியைத் தூக்கினா. மெஷினை நிறுத்தச் சொல்ற முஷ்டி. ஆளுங்க எல்லாரும் மெத்தைக்காரரைப் பாத்தாங்க. அவரு அவளைப் பாத்தாரு. வெளிய வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.

அவரு சுவிட்சை அணைச்சாரு.

"போ" அப்படின்னாரு. "முடிச்சுட்டு வா. வண்டி நிக்கும்."

அவரு குடோனுக்குள்ளயே போய் நின்னாரு, ரெக்கார்டு பண்ணும்போது அவரு உள்ள வந்தது அதுதான் மொத தடவை. நான் வாசப்படியில. பாட்டை முழுசா விவரிக்க எனக்கு வராது. அவ கண்ணை மூடிக்கிட்டு, காலை அகட்டி ஊனிக்கிட்டு ஆரம்பிச்சா. படுக்கையிலேர்ந்து எழுந்திரிக்க முடியாத ஒரு ஆள், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, கடைசியில கூப்பிடுறதை விட்டுட்டு மெத்தையோட பேச ஆரம்பிக்கிறாரு, அவ்வளவுதான் பாட்டு. சொல்லு ஒண்ணும் காதுல தெளிவா விழாது. ஆனா எனக்கு மொத தடவையா எல்லாம் புரிஞ்சுது. முன்ன நிறுத்தின இடமெல்லாம் தாண்டி, ஒரே மூச்சா கடைசி வரைக்கும் போயிட்டா. முடிச்சு, மைக்கைக் கீழ வெச்சு, தொண்டையைத் தொட்டுப் பாத்து, வலி இல்லைன்னு தலையாட்டினா.

 மாமியார் எப்ப எறங்கி வந்தாங்கன்னு தெரியலை, காது மெஷினோட எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"இத்தனை நாளா கீழ மேஜையைத்தான் இழுக்குறீங்கன்னு நெனச்சேன்" அப்படின்னாங்க. "யாருடி அந்த ஆளு, பாவம்?"

மெத்தைக்காரர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் போய் மெஷினைப் போட்டாரு. அன்னிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்துச்சு, மறுநாள் ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது.

ஆல்பம் வெளிய வந்துச்சு. பட்டறையில வேலை பாக்கிறவங்க, ஆஸ்பத்திரி வார்டுல நிக்கிறவங்கன்னு ஒரு சின்னக் கூட்டம் அதைத் தேடிக் கேட்டுச்சு. ரொம்பப் பேர் கேக்கலை. மாசக்கணக்குல ஓய்வு எடுத்தப்பறம் அவளுக்குக் குரல் மெல்லிசா, லேசாக் கீறல் விழுந்த மாதிரி வந்துச்சு. அந்தக் குரல்ல அவ வேற பாட்டு எழுத ஆரம்பிச்சா. வயர்மேன் கிதாரைச் சாதாரணமாச் சுருதி கூட்டினான். தம்பி ரெட்டைப் பெடல்ல ஒண்ணைக் கழட்டி வெச்சான். அந்தப் பாட்டுதான் நீங்க பஸ்ஸுல கேக்கறது. ஊரே ஒரு கதை கட்டி வெச்சிருக்கு, உறுமி உறுமித் தொண்டை போச்சு, ஆபரேஷன் பண்ணி உறுமலையே எடுத்துட்டாங்க, பாவம் வேற வழியில்லாம மென்மையாப் பாடுதுன்னு. பழைய ஆல்பம் பிடிச்சவங்க அழாத குறை. நானும் அப்படித்தான் நம்பினேன். மெத்தைக்காரரும் அப்படித்தான் நம்பினாரு, மனசுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாவும் இருந்தாருன்னு நெனைக்கிறேன்.

பேரு வந்தப்பறமும் அவ பட்டறையை விடலை. வாயைத் திறக்காம கையால வேலை வாங்குறது அங்க பழக்கமாவே ஆயிடுச்சு, யாருக்கும் அது விசேஷமாத் தெரியறது இல்லை. அதுல ஒரே ஒரு ஓட்டைதான். முதுகைக் காட்டி நிக்கிறவனுக்குக் கை தெரியாது. மெஷின் ஓடுறப்ப கட்டைச் சத்தமும் பக்கத்துல இருந்தாத்தான் கேக்கும்.

போன மாசம், நான் அவங்க அலமாரிக்குக் கண்ணாடி மாட்ட அளவெடுத்துக்கிட்டு நின்னேன். மெத்தைக்காரர் அந்தக் கோடியில எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பழைய மெத்தைத் துணியைக் கிழிச்சு ரோலர்ல தள்ளிக்கிட்டு இருந்தாரு. நீளமான துணி. அதோட ஒரு முனை ரோலருக்குள்ள போகுது, இன்னொரு முனை அவரு மணிக்கட்டுல சுத்தியிருக்கு. அவரு பாக்கலை. அவ பாத்துட்டா. முஷ்டியைத் தூக்கினா, கட்டையால தட்டினா, அவரு திரும்பலை. ஓடிப் போய்ச் சேர நேரமில்லை.

"நில்லு!"

கத்தல் இல்லைங்க அது. கத்தியிருந்தா மெஷின் சத்தத்தோட கலந்து போயிருக்கும். இது அந்தச் சத்தத்துக்கு அடியால வந்துச்சு, தரையோட தரையா, அந்தப் பழைய உறுமல். நான் டேப்பைக் கீழ போட்டுட்டேன். அவரு உறைஞ்சு போய்க் கையைப் பின்னால இழுத்தாரு, துணி இறுகி மணிக்கட்டை அறுக்க ஆரம்பிச்சப்ப தம்பி பாஞ்சு போய் சுவிட்சை அணைச்சுட்டான்.

மெஷின் நின்னுது. அவ போய்த் துணியைப் பிரிச்சா. தோல் கன்னிப்போய் ரத்தம் கட்டியிருந்துச்சு, எலும்புக்கு ஒண்ணுமில்லை. அவரைப் பழைய மெத்தை மேல உக்கார வெச்சு, விரல் ஒவ்வொண்ணையும் மடக்கி நீட்டிப் பாத்தா.  அவரு கையைப் பாக்கவே இல்லை, அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அது போயிடுச்சுன்னு நெனச்சேனே" அப்படின்னாரு.

"போகலைங்க" அப்படின்னா, அந்த மெல்லிசுக் குரல்ல. "அதுல சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சுட்டேன். அதான் நிறுத்தினேன்."

"இத்தனை நாளா எங்கிட்டகூடச் சொல்லலையே?"

"பாக்கி இருந்திருந்தா பாடியிருப்பேன்" அப்படின்னா. "உங்களைக் கேட்டுக்கிட்டா இருந்திருப்பேன்?"